சீழ்க்கை இல்லாத பள்ளத்தாக்கு

ஒரு காட்டில் இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டிருந்தது. ஓடை மணலாகிப் போனது. புல் கருகியது. மான்கள் ஒவ்வொன்றாக வேறு காடு தேடிக் கிளம்பின. மான்களை நம்பி வாழ்ந்த செந்நாய்க் கூட்டம் ஒன்று மட்டும், போவதா இருப்பதா என்று தெரியாமல் பாறை நிழலில் நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் செம்பி என்றொரு தாய் இருந்தாள். அவளுக்கு நான்கு குட்டிகள். கடைக்குட்டி மிகவும் சிறியது. மற்ற மூன்றும் முட்டி மோதிப் பால் குடிக்கும்போது அது ஓரமாக நின்று, தனக்கு இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

செம்பிக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. குட்டிகள் வெறும் காம்பை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

செந்நாய்கள் மற்ற நாய்களைப் போலக் குரைத்து அழைப்பதில்லை, தெரியுமா? அவை சீழ்க்கை அடிக்கும். புதர்கள் அவற்றின் முதுகைவிட உயரமானவை. வேட்டையின்போது ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. அதனால் "நான் இங்கே இருக்கிறேன்" என்பதற்கு ஒரு சீழ்க்கை. "மான் உன் பக்கம் வருகிறது" என்பதற்கு இன்னொன்று. "ஆபத்து, எல்லோரும் ஓடி வாருங்கள்" என்பதற்கு நீளமாக ஒன்று. தனியாக நின்றால் செந்நாய் ஒரு சின்னப் பிராணிதான். சீழ்க்கை கேட்டுக் கூடிவிட்டால் புலியும் வழி விட்டுப் போகும்.

கூட்டத்தின் தலைவன் கருவாலன். புது வேட்டைக்காடு பார்த்து வரும்படி அவன் இரண்டு பேரை அனுப்பியிருந்தான். ஒருத்தி நெட்டைக்காலி. பார்த்ததை மட்டும் சொல்பவள். இன்னொருவன் துடியன். பார்த்ததோடு பார்க்காததையும் சேர்த்துச் சொல்பவன். இருவரும் திரும்பி வந்ததும் கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது.

"முதலில் நீ சொல், நெட்டைக்காலி," என்றான் கருவாலன்.

"நான் இரண்டு இடம் பார்த்தேன், அண்ணா. கிழக்கே வயலை ஒட்டி ஒரு காடு. போவதற்கு நல்ல வழி. பன்றிகள் கொழுத்துத் திரிகின்றன."

"பிறகென்ன, கிளம்ப வேண்டியதுதானே?"

"அங்கே மனிதர்கள் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பயிரை மேயும் பன்றியை மட்டும் சுடலாம் என்று அவர்களுக்கு ஒரு சட்டமாம்."

துடியன் சிரித்தான். "நாம்தான் பன்றி இல்லையே!"

"இருட்டில் வரும் குண்டுக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? வரப்போரம் ஒரு நரி செத்துக் கிடந்தது. அதுவும் பன்றி இல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னோர் இடம் வடக்கே மொட்டைப்பாறை," என்று நெட்டைக்காலி தொடர்ந்தாள். "அங்கே துப்பாக்கி இல்லை. ஆள்பவரும் யாரும் இல்லை. வரையாடுகள் இருக்கின்றன. ஆனால் கொஞ்சம்தான். ஏறுவதும் கஷ்டம். இதோ பாருங்கள், என் நகம் பெயர்ந்துவிட்டது."

"காலை மடக்கிக்கொள், அக்கா," என்றான் துடியன். "இந்தப் பசியில் அதுவும் கறியாகத் தெரிகிறது. சரி, நான் சொல்வதைக் கேளுங்கள். தெற்கே மூங்கில் பள்ளத்தாக்கு. ஆறு வற்றவே இல்லை. அம்மாடி, எத்தனை மான்கள்! தண்ணீரில் முகம் பார்த்து அழகு பார்க்கிற அளவுக்கு அவற்றுக்குப் பொழுது கிடக்கிறது. வழியெல்லாம் இறக்கம். தூங்கிக்கொண்டே போய்ச் சேரலாம்."

"அங்கே யார் ஆட்சி?" என்று செம்பி கேட்டாள்.

"ஒரு பெண்புலி. நல்ல மாதிரி. யார் வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் வேட்டையாடலாம் என்றாள். பங்குகூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு சட்டம்தான். அவள் எல்லைக்குள் யாரும் சீழ்க்கை அடிக்கக் கூடாது."

"அவ்வளவுதானா?" என்றான் கருவாலன்.

"அவ்வளவேதான். பல்லைப் பிடுங்கச் சொன்னாளா? நகத்தை வெட்டச் சொன்னாளா? சும்மா இருக்கச் சொன்னாள். சும்மா இருப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?"

செம்பிக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றியது. அது என்ன கேள்வி என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது, கடைக்குட்டி தள்ளாடி வந்து அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்தது. சற்று நேரம் சப்பிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.

"நீ சொல், செம்பி," என்றான் கருவாலன். "குட்டிகள் உன்னுடையவை. நீ சொல்கிற இடத்துக்குப் போவோம்."

செம்பி குட்டியைப் பார்த்தாள். தேடிய கேள்வியை மறந்தாள்.

"மான்கள் இருக்கிற இடத்துக்கே போவோம், அண்ணா," என்றாள்.

நான்கு பேர் ஆளுக்கொரு குட்டியை வாயில் கவ்விக்கொள்ள, கூட்டம் தெற்கே நடந்தது.

துடியன் சொன்னதில் இந்த முறை மிகையில்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிமான்கள் கரையெங்கும் நின்றன. மூங்கில் நிழலில் பெண்புலி படுத்திருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்துகூட நிற்கவில்லை.

"வாருங்கள், வாருங்கள். குட்டிகளுமா? பாவம், எலும்பும் தோலுமாக இருக்கின்றனவே," என்றாள்.

கருவாலன் தலை தாழ்த்தினான். "உங்கள் சட்டத்துக்குச் சம்மதித்துத்தான் வந்திருக்கிறோம், அம்மா. ஆனால் வேட்டையின்போது மட்டுமாவது கொஞ்சம் சீழ்க்கை..."

"உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் என்று நான் வைத்திருக்கிறேனா?" என்றாள் புலி மெதுவாக. "இங்கே எல்லோரும் ஒன்றுதான். நானும்தான் சீழ்க்கை அடிப்பதில்லை. வேண்டுமானால் மான்களைக் கேட்டுப் பார்."

செந்நாய்கள் சிரித்துவிட்டன. இவ்வளவு நியாயமாகப் பேசுகிற புலியை அவை அதுவரை பார்த்ததில்லை.

ஆற்றங்கரை மேட்டில் ஒரு வளை இருந்தது. தோண்ட வேண்டிய வேலையே இல்லை. செம்பி உள்ளே நுழைந்து மோந்து பார்த்தாள். வளையின் கூரையில் சிவந்த முடி ஒட்டிக்கொண்டிருந்தது. செந்நாயின் முடி.

"இங்கே நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள்," என்றாள். "எங்கே போனார்கள்?"

"எங்கே போனால் என்ன, அக்கா? வீடு கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டுக் குடியேறு," என்றான் துடியன்.

குட்டிகள் பசியில் முனகின. செம்பி மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் கூட்டம் வேட்டைக்குப் போனது. மூங்கில் புதர்கள் அடர்ந்திருந்தன. நெட்டைக்காலி துரத்திய மான், கருவாலன் நின்ற இடத்தைத் தாண்டியே ஓடியது. வருகிறது என்று அவனுக்குச் சொல்ல அவளுக்கு வழியில்லை. துடியன் வெகுதூரம் ஓடிப்போய்ப் புதரைப் பிளந்துகொண்டு பாய்ந்தான். அங்கே மானுக்குப் பதிலாகக் கருவாலன் நின்றான். இருவரும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள்.

முதல் நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த நாள் சிரிப்புக் குறைந்தது. பிறகு ஆளுக்கொரு திசையில் தனித்தனியாக வேட்டைக்குப் போகத் தொடங்கினார்கள்.

தின்ற இறைச்சியை வயிற்றில் சுமந்து வந்து, வளை வாசலில் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் கொடுப்பது செந்நாய்களின் வழக்கம். இப்போது வருகிறவர்கள் ஒரு முயல் கால், இரண்டு எலி என்று எதையோ போட்டார்கள். சிலர் ஒன்றுமில்லாமல் வந்தார்கள். வந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எப்போதும் வாயாடும் துடியன்கூட வளைக்குள் எட்டிப் பார்க்காமல் தூரத்தில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பால் கொடுக்கும் தாய் வேட்டைக்குப் போவது அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு விடியற்காலையில், குட்டிகளை நெட்டைக்காலியிடம் விட்டுவிட்டுச் செம்பி தானே கிளம்பினாள்.

அவள் கெட்டிக்காரி. காற்றுக்கு எதிராகப் பதுங்கிப் போனாள். கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஒரு மான்கன்றை வீழ்த்தியும்விட்டாள். 'இன்றைக்குக் கடைக்குட்டிதான் முதலில் தின்னும்,' என்று நினைத்துக்கொண்டு குனிந்தாள்.

மூங்கில் அசைந்தது. பெண்புலி வெளியே வந்தாள். அவசரமே இல்லாமல் நடந்து வந்து, மான்கன்றின் மேல் தன் பாதத்தை வைத்தாள்.

"இது என் இரை," என்றாள் செம்பி. "பங்கு கேட்க மாட்டேன் என்றீர்களே?"

"பங்கு கேட்கவில்லையே. முழுதாக எடுத்துக்கொள்கிறேன். உன்னால் முடிந்தால் தடு."

செம்பியின் தொண்டை வரை சீழ்க்கை எழுந்தது.

"ஊஹூம்," என்றாள் புலி, தலையைச் சாய்த்து. "சட்டம்."

செம்பி சீழ்க்கையை விழுங்கினாள். சட்டத்தை மீறினால் பள்ளத்தாக்கை விட்டுத் துரத்தப்படுவோம், பிறகு குட்டிகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நினைத்துத்தான் விழுங்கினாள். பின்னால் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வளை வாசலில் நெட்டைக்காலி நின்றுகொண்டிருந்தாள். செம்பியைப் பார்த்ததும் அவள் வழியை விட்டு விலகினாள்.

உள்ளே மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. கடைக்குட்டி வழக்கம்போல ஓரத்தில் இருந்தது. செம்பி அதை நக்கினாள். மறுபடியும் நக்கினாள். அதன் உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

செம்பி அழவில்லை. குட்டியின் அருகில் படுத்து, அதைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இப்போது அதற்கு இடம் இருந்தது.

பொழுது நன்றாக விடிந்த பிறகு, வெளியே சருகு நொறுங்கியது. செம்பி எட்டிப் பார்த்தாள். பெண்புலி உதட்டை நக்கிக்கொண்டே மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"ஒன்று போய்விட்டது போலிருக்கிறதே, வாடை வருகிறது," என்றாள் புலி. "இன்னும் மூன்று இருக்கின்றன, இல்லையா?"

செம்பி கூரையில் ஒட்டியிருந்த சிவந்த முடியைப் பார்த்தாள். அவர்கள் எங்கே போனார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாய்க்காட்டில், பாறை நிழலில், எந்தக் கேள்வியைத் தொலைத்தாள் என்பதும் தெரிந்துவிட்டது. சீழ்க்கைக்கு யார் பயப்படுகிறார்கள் என்று அவள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அவள் வளை வாசலில் வந்து நின்றாள். தலையை உயர்த்தினாள். நீளமாக, பள்ளத்தாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எட்டும்படி சீழ்க்கை அடித்தாள்.

புலி நின்றுவிட்டாள். "சட்டத்தை மீறிவிட்டாய்!"

"மீறிவிட்டேன்," என்றாள் செம்பி. மறுபடியும் அடித்தாள்.

அருகிலிருந்து நெட்டைக்காலி பதில் கொடுத்தாள். ஆற்றின் அக்கரையிலிருந்து ஒரு சீழ்க்கை. மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒன்று. மேட்டுக்குப் பின்னாலிருந்து துடியனுடையது, ஓட்டத்தில் உடைந்து உடைந்து வந்தது. புலி ஒவ்வொரு பக்கமாகத் திரும்பினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிவந்த முகம் புதரை விலக்கிக்கொண்டு வந்தது.

"நான் உங்களுக்கு இடம் கொடுத்தவள்," என்றாள் புலி. அவள் குரலில் பழைய நிதானம் இல்லை.

அவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வட்டத்தைச் சுருக்கினார்கள். புலி பின்வாங்கினாள். ஒரு கால், இன்னொரு கால் என்று எடுத்துவைத்து மேட்டை விட்டு இறங்கியவள், கடைசியில் மூங்கிலுக்குள் பாய்ந்து மறைந்தாள்.

செம்பி விடியற்காலையில் நடந்ததைச் சொன்னாள்.

"என் இரையையும் அவள்தான் எடுத்துக்கொண்டாள்," என்றான் துடியன், தரையைப் பார்த்தபடி. "மூன்று தடவை. கையாலாகாதவன் என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்து சொல்லவில்லை."

"என்னுடையதையும்," என்றாள் நெட்டைக்காலி.

"என்னுடையதையும்," என்றான் கருவாலன். "தலைவன் எப்படி வெளியே சொல்வது என்று இருந்துவிட்டேன்."

ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் அப்படி நடந்தது என்று நினைத்திருந்தார்கள். கூப்பிடாதவர்களுக்கு, பக்கத்துப் புதரில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

"புலிதான் ஓடிவிட்டாளே. இனி இங்கேயே சீழ்க்கை அடித்து வாழலாமே?" என்று ஒரு செந்நாய் கேட்டது.

"அவள் ஓய மாட்டாள். நாம் எல்லோரும் எப்போதும் குட்டிகளின் பக்கத்திலேயே நிற்கவும் முடியாது," என்றாள் செம்பி. "மொட்டைப்பாறைக்குப் போவோம், அண்ணா."

"இரை கொஞ்சம்தான், செம்பி."

"தெரியும்."

கடைக்குட்டியை வளைக்குள்ளேயே விட்டு, வாசலில் மண்ணைத் தள்ளி மூடினார்கள். செம்பி கடைசியாகத் தள்ளினாள். பிறகு கூட்டம் வடக்கே நடந்தது. மொட்டைப்பாறையின் செங்குத்தான இடங்களில் துடியன் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறினான். அவன் நகமும் பெயர்ந்தது. அதை அவன் யாருக்கும் காட்டவில்லை.

குட்டிகள் சொந்தக் காலில் பாறை ஏறப் பழகிய பிறகு, ஒருநாள் வரையாடு ஒன்று சிக்கியது. எல்லோருக்கும் வயிறு நிறையாது. ஆனாலும் குட்டிகள் தின்று முடிக்கும்வரை பெரியவர்கள் தள்ளி நின்றார்கள். மூன்று குட்டிகளும் முட்டி மோதித் தின்றன. செம்பியின் கண் பழக்கத்தில் ஓரத்துக்குப் போனது. இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு அங்கே யாரும் நிற்கவில்லை.

கீழே சரிவில் காவலுக்கு நின்ற நெட்டைக்காலி, "நான் இங்கே இருக்கிறேன்," என்று ஒரு சீழ்க்கை அடித்தாள். மேலிருந்து ஒவ்வொருவராகப் பதில் கொடுத்தார்கள். செம்பியும் தலையை உயர்த்திப் பதில் கொடுத்தாள்.

நீதி: எல்லோருக்கும் பொதுவான சட்டம் என்று சொன்னாலும், அது யாருடைய பலத்தைப் பறிக்கிறது என்று பார்த்த பிறகே அதற்குத் தலையாட்ட வேண்டும்.