பென்னியின் கைக்கு ஒரு பேஸ் கிட்டார்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். குரலை உயர்த்திச் சொல்லக்கூடிய கதையில்லை இது. பேஸ் கிட்டாரைப் பற்றியது. நாலு பேர் வாசிக்கிற இடத்தில் அதுபாட்டுக்கு அடியில் கிடந்து முனகும். இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றுபோனால் பாட்டே காலொடிந்து போகும்.

பெரம்பூரில் ரயில் லைனை ஒட்டி ஒரு தகர ஷெட். அதில் ரோசலின் என்று ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும், கையாலேயே எலக்ட்ரிக் பேஸ் செய்து கொடுப்பாள். யார் கேட்டு வந்தாலும் முதலில் அவர்கள் கையைப் பிடித்துப் பார்ப்பாள். விரலை விரி, மடக்கு என்பாள். அப்புறம்தான் மரத்தைத் தொடுவாள். கடையில் விற்பது எல்லார் கைக்கும் பொது. இவள் செய்வது ஒரே ஒரு கைக்கு.

அவளைத் தேடிச் சவரிமுத்து வந்தார். ரயில் பெட்டி செய்கிற இடத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு அப்பா வயது.

"என்ன வேணும் அங்கிள்?"

"ஒரு பேஸ் செய்யணும்மா."

"யார் கைக்கு?"

"என் மகன் பென்னி கைக்கு."

"அவரைக் கூட்டிட்டு வாங்க."

சவரிமுத்து தகரக் கூரையைப் பார்த்தார்.

"போயிட்டான்மா. பைக்குல. முதுகுல மாட்டியிருந்த பேஸும் அவனோட நொறுங்கிப்போச்சு. கோயில் பாட்டுக்குழுவுல வாசிச்சிட்டிருந்தான். தன் கைக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

ரோசலின் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் செஞ்சு தரேன் அங்கிள்."

"இல்லம்மா. நான் செய்யணும். நீ சொல்லிக் குடு."

அவள் ஒரு முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"உளியைத் தொடாத வரைக்கும் நீங்க எனக்கு அங்கிள். தொட்டா நான் உங்களுக்கு மாஸ்டர். சம்மதமா?"

"சரிங்க மாஸ்டர்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்தோமே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அந்த பைக் வேண்டாம், வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டவள் அவர் மனைவி அமலோற்பவம். வாங்கிக் கொடுத்தவர் இவர். கல்லறையிலிருந்து திரும்பி வந்த அன்றிலிருந்து அவள் இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமையல் முடிந்தால் ஃபிரிட்ஜைப் பார்த்து, "சோறு ஆயிடுச்சு" என்பாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஜன்னலிடம் சொல்வாள். இவரும் ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் பதில் சொல்லிக்கொண்டு அதே வீட்டில் கிடந்தார். மகனுக்கென்று ஒரு பேஸைச் செய்து அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தால், ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்த்துப் பேசுவாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வாகை மரத்தில் பேஸின் உடம்பை அறுத்தார். இரும்பில் தலைமுடிக் கனம் பார்த்த கை அல்லவா, தடுமாற்றமே இல்லை. ரோசலின் தலையசைத்துக்கொண்டே டீ குடிப்பாள்.

நெக்குக்கு வந்தார்கள். வாசிக்கிறவன் இடது கையால் பிடிக்கிற நீளக் கட்டையை நெக் என்பார்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடும். தந்திகள் இழுக்கிற இழுப்பில் மரம் வளைந்துபோகாமல் அதுதான் தாங்கும். நெக்கின் முதுகை அரத்தால் உருட்டி, பிடிக்கிற கைக்குத் தக்கபடி கொண்டுவர வேண்டும்.

சவரிமுத்து அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்தார். ரோசலின் அதை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"அளவு இல்லாம எப்படி மாஸ்டர்? முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"பிடிச்சுப் பாருங்க. பென்னி கையை நினைச்சுக்கங்க. அந்தக் கைக்குப் பொருந்தினா நிறுத்திடுங்க."

அவர் சீவினார். பிடித்துப் பார்த்தார். "இன்னும் தடிமனா இருக்கு" என்று மறுபடி சீவினார். மறுநாளும் அதே பேச்சு. மரத்தூள் மடியில் குவிந்தது. நெக் மெலிந்துகொண்டே போனது. ரோசலின் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

ஒரு பகலில் அரம் கிறீச்சிட்டது. இரும்பில் அரம் படுகிற சத்தம் ஃபிட்டருக்குத் தெரியாதா? மரம் பிளந்து உள்ளிருந்த கம்பி எட்டிப் பார்த்தது.

"போச்சு!" என்று கத்தினார். "எல்லாம் போச்சு. நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ரோசலின் அந்தப் பாழாய்ப்போன நெக்கை வாங்கித் தன் கைக்குள் வைத்துப் பார்த்தாள். அவள் கையே சின்னக் கை. அதற்குள்ளேயே அது தொளதொளத்தது.

"இது எத்தனை வயசுக் கை அங்கிள்?"

"பென்னிக்கு இருபத்தாறு."

"பென்னிக்குச் சரி. இந்தக் கைக்கு?"

சவரிமுத்து முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் கண்முன் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. சின்ன வயதில் பென்னி புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போன காலை. கோயிலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டும்போது அவருடைய விரல்களுக்குள் அடங்கியிருந்த ஒரு சின்னக் கை.

"அன்னைக்குப் பிடிச்சேன்" என்றார். "அதுக்கப்புறம் பிடிக்கவே இல்ல மாஸ்டர். வளர்ந்த பையன் கையை எந்த அப்பன் பிடிக்கிறான்? பைக் சாவியைக்கூட வளையத்தைப் பிடிச்சு மேலேருந்துதான் அவன் கையில போட்டேன்."

"சவப்பெட்டியில வச்சப்போ பார்த்திருப்பீங்களே."

"ஜெபமாலை சுத்தியிருந்தாங்க. ஜெபமாலையைத்தான் பார்த்தேன்."

வெளியே ஒரு மின்சார ரயில் போனது. அது கடந்ததும் ரோசலின் கேட்டாள்.

"அந்தக் கை யாருக்குத் தெரியும்?"

"அவங்க அம்மாவுக்குத் தெரியும். மீசை வச்ச பையனுக்குக் கையில சோறு உருட்டி வைப்பா. காய்ச்சல்னா விடிய விடியக் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. ஆனா அவ என்கூடப் பேசுறதில்ல மாஸ்டர்." ஃபிரிட்ஜ், ஜன்னல் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார்.

ரோசலின் எழுந்து வேறொரு கட்டையை எடுத்தாள். நெக் உருவத்துக்கு முரடாகச் செதுக்கி, கம்பியைப் பதித்து அவரிடம் கொடுத்தாள்.

"அடுப்படியில வச்சுட்டு வாங்க."

"வச்சுட்டு என்னன்னு கேட்கட்டும்?"

"ஒண்ணும் கேட்காதீங்க."

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வருஷக்கணக்கில் அந்த வடிவத்தை வீட்டுக்குள் பார்த்தவள்தானே அவள். அது என்னவென்று ஃபிரிட்ஜிடம்கூடக் கேட்கவில்லை. இடைஞ்சலாக இருந்தது என்று அரிசி டிரம்மின் மேல் தூக்கி வைத்தாள். அங்கேயே கிடந்தது. ஒரு காலையில் பார்த்தால் நெக்கின் முதுகில் மஞ்சள் அப்பியிருந்தது.

சவரிமுத்து அதைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். "பாருங்க மாஸ்டர். சமையல் கையால தொட்டுக் கறை பண்ணிட்டா!"

ரோசலின் அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். மஞ்சள் சரியாக ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது.

"பிடிச்சுப் பார்த்திருக்காங்க. இங்க தடிமன்னு சொல்றாங்க. இந்த இடத்தை மட்டும் சீவுங்க."

சீவினார். கொண்டுபோய் வைத்தார். மறுநாள் வேறொரு இடத்தில் மிளகாய்த்தூள். இன்னொரு நாள் வெறும் எண்ணெய். வீட்டில் அன்று என்ன குழம்பு என்று கறையைப் பார்த்தே ரோசலின் சொல்லிவிடுவாள். "மீன் குழம்பா அங்கிள்?" என்பாள். அவர் அந்தந்த இடத்தைச் சீவிக் கொடுத்தபடி இருந்தார். ஆனால் சோறு ஆன சேதி மட்டும் ஃபிரிட்ஜுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு காலை. நெக்கில் ஒரு கறையும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து உப்புத்தாளை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். இன்னொரு இழுப்பு.

"போதும்."

பழக்கதோஷத்தில் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். அமலோற்பவம் அடுப்படி நிலைவாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்ங்க. இதுக்கு மேல தேய்ச்சா அவனுக்கு வலிக்கும்."

உப்புத்தாள் கீழே விழுந்தது. அவள் வந்து அவர் மடியிலிருந்த நெக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

அப்புறம் நெக்கை உடம்போடு சேர்த்தார்கள். பாலிஷ் போட்டார்கள், தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தத்தில் ஒயரைச் சுற்றினார்கள், தந்தி மாட்டினார்கள். தந்தி மாட்டிய அன்றைக்கு அமலோற்பவமும் ஷெட்டுக்கு வந்தாள். ஷேர் ஆட்டோவில் அவர் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம்.

ரோசலின் சுருதி சேர்த்து முடித்தாள். சவரிமுத்து கிட்ட வந்தார்.

"முடிஞ்சுது மாஸ்டர். ஆனா வாசிக்கிறவன் இல்லையே. இது யாருக்கு?"

ரோசலின் பேஸை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவருடைய இடது கையை இழுத்து நெக்கைச் சுற்றி வைத்தாள்.

"பிடிங்க."

பிடித்தார். விரல் நுனிகள் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை.

"என் கைக்கு அடங்கலையே" என்றார். "இவ்வளவு பெரிசாவா இருந்துச்சு அவன் கை?"

"உங்களைவிடப் பெரிசு" என்றாள் அமலோற்பவம். "எப்பவோ ஆயிடுச்சு."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ரோசலின் அவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கரண்ட் ஒயர் மாட்டலையே மாஸ்டர். சத்தம் கேட்காதே."

"பரவாயில்ல."

இருப்பதிலேயே தடித்த தந்தியை மீட்டினாள். காதுக்கு ஒரு ஈ பறக்கிற அளவுகூட இல்லை. ஆனால் அவர் உள்ளங்கைக்குள் மரம் நடுங்கியது. நடுக்கம் முழங்கை வரைக்கும் ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிப் பிடித்தார். அது மெலிந்தது, இன்னும் மெலிந்தது, கைக்குள்ளேயே அடங்கிப்போனது.

"நின்னுடுச்சு" என்றார்.

ரோசலின் எழுந்தாள். அமலோற்பவத்தின் வலது கையைப் பிடித்து அழைத்து வந்து அவருக்கு எதிரே உட்கார வைத்தாள். அவள் சுட்டுவிரலை எடுத்து அந்தத் தந்தியின் மேல் வைத்தாள். தன் கையை எடுத்துக்கொண்டாள்.