ஏசாத மிஷின்

"டீச்சர், இந்த மிஷின் என்னை ஏசுது."

சொன்னவர் மாசானமுத்து. ஊரின் குடிதண்ணீர் வால்வுகளைத் திறந்து மூடியே தலை நரைத்தவர். இனி அந்த வால்வுகளைக் கம்ப்யூட்டர் திறக்கப் போகிறது. அதற்கான கட்டளைகளை எழுதும் வேலையும் அவர் தலையிலேயே வந்து விழுந்தது. ஸ்கிரிப்ட் என்று அதற்குப் பெயர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால், மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளுமாம்.

அதைச் சொல்லித்தர வந்தவர் ஜெபக்கனி டீச்சர். மாசானமுத்துவின் மூத்த மகளைவிட இளையவர்.

"என்னன்னு ஏசுது அண்ணாச்சி?"

"கடைசி வரியில தப்புங்குது. கடைசி வரியில என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. கம்பைல் பட்டனத் தொட்டா போதும், செவப்பு செவப்பா வந்து கொட்டுது."

"நீங்க எழுதின முழுசையும் ஒரு தடவை வாசிச்சுப் பாக்குது. தப்பு இருந்தா ஓட விடாது."

"நாளைக்குத் தேரோட்டம் டீச்சர். வெளியூர்ச் சனம் பூரா இங்கதான் நிக்கும். விடியும்போது தண்ணி வந்தாகணும். எஞ்சினியர்ட்ட வாக்குக் குடுத்துட்டேன். இது என்னடான்னா, எடுத்ததுக்கெல்லாம் நொட்டை சொல்லிக்கிட்டு இருக்கு."

"இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?"

"அது வாய மூடணும்."

ஜெபக்கனி டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எதையோ தட்டினார்.

"இனிமே ஏசாது."

"ஏசவே ஏசாதா?"

"ஏசாது. முழுசா வாசிச்சும் பாக்காது. மேலருந்து ஒவ்வொரு வரியா அப்படியே செஞ்சுக்கிட்டுப் போகும். தப்பு வந்தாலும் ஒரு வார்த்தை பேசாது."

மாசானமுத்துவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணம் பேசி முடித்த வீட்டுக்காரர் மாதிரி எழுந்து போய், தன் கையாலேயே இரண்டு டீயும் வடையும் வாங்கி வந்தார்.

"இதத்தான டீச்சர் நான் காலையிலருந்து கேட்டேன்."

"ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார்.

அறைச் சுவரில் ஒரு பலகை. தெருவுக்கு ஒன்றாகப் பச்சை விளக்குகள். வால்வு திறந்திருந்தால் விளக்கு எரியும். எல்லாவற்றையும் முதலில் மூடு, பிறகு ஒவ்வொன்றாகத் திற என்று அவர் எழுதியிருந்தார். கையால் திருகிய காலத்திலும் தேர் நாளில் அவர் அப்படித்தான் செய்வார்.

விளக்குகள் அணைந்துகொண்டே வந்தன. மாசானமுத்து ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசி விளக்கும் அணைந்தது.

"இப்ப சன்னதித் தெரு எரியும், பாருங்க."

எரியவில்லை.

டீயைக் குடித்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி டீயைக் குடித்தார்.

"என்ன டீச்சர் ஆச்சு?"

"தெரியல அண்ணாச்சி."

"எந்த இடத்துல நின்னுருக்கு?"

"தெரியல."

"என்ன தப்புன்னாவது..."

"பேசாதேன்னு சொல்லிட்டோம்லா."

மாசானமுத்து பலகையை இன்னொரு முறை பார்த்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊர் மொத்தமும் மூடிக் கிடக்கிறது. கோயில் வாசலில் அன்னதானத்துக்கு அரிசி களைந்துகொண்டிருப்பார்கள். அதுவாவது பொறுக்கும்.

"ஐயோ, ஆஸ்பத்திரி லைனு!"

டீ கொட்டியது. மூலையில் கிடந்த நீள வால்வுச் சாவியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அவர் வயதுக்கு அது நல்ல ஓட்டம்தான்.

"அண்ணாச்சி!"

"சும்மா இருங்க டீச்சர்! பிரசவ வார்டுல தண்ணி இல்லாம..."

"ஊருக்குத் தண்ணி போய்க்கிட்டுத்தான் இருக்கு."

படியில் நின்று திரும்பிப் பார்த்தார். ஜெபக்கனி டீச்சரின் கையில் ஒரு வயர் தொங்கியது.

"நீங்க அதோட சண்டை போடும்போதே, வால்வுக்குப் போற இந்த வயரப் புடுங்கிட்டேன். அணைஞ்சதெல்லாம் பலகையில மட்டுந்தான்."

மாசானமுத்து நம்பவில்லை. முற்றத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சாவியைக் கீழே போட்டுவிட்டு, தலையையே குழாய்க்குக் கீழே கொடுத்தார். முகத்தில் வழிந்ததில் எது குழாய்த் தண்ணீர், எது கண்ணீர் என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்லா இருப்பீங்க டீச்சர்" என்றார். "ஒரு வயசாளிய இப்படியா பயமுறுத்துவாக?" என்று கோபப்பட்டார். பிறகு மறுபடியும், "நல்லா இருப்பீங்க" என்றார்.

துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"பழையபடி ஏச விடுங்க."

டீச்சர் தட்டினார். மாசானமுத்து கம்பைல் பட்டனை அழுத்தினார். சிவப்பாக வந்து கொட்டியது.

காலையிலிருந்து எத்தனையோ முறை அதைப் பார்த்தவர், இப்போதுதான் வாசித்தார். மேலே எங்கோ திறந்த ஓர் அடைப்புக்குறியைக் கடைசி வரி வரைக்கும் தேடிவிட்டேன், மூடியதைக் காணவில்லை என்றது அது.

விரலை வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே போனார். சன்னதித் தெருவுக்கு எழுதிய வரியில் விரல் நின்றது.

"தொறந்தத மூடாம விட்டுருக்கீங்களே அண்ணாச்சி. அதுவும் நீங்க!"

"வெளிய சொல்லிராதீங்க டீச்சர். மானம் போயிரும்."

மூடினார். கம்பைல் பண்ணினார். சிவப்பு இல்லை. ஒரு சொல்லும் இல்லை. திரை சும்மா இருந்தது.

ஜெபக்கனி டீச்சர் வயரை எடுத்தார். "சொருகிரட்டுமா?"

"இருங்க."

மாசானமுத்து, இப்போதுதான் போட்ட அடைப்புக்குறியை அழித்தார். பட்டனை அழுத்தினார். திரை சிவந்தது. அதே ஏச்சு.

"அப்பாடா" என்று மூச்சு விட்டார். அழித்ததைத் திரும்பப் போட்டார். அழுத்தினார். திரை சும்மா இருந்தது.

"இப்ப சொருகுங்க."

"சரியாத்தான அண்ணாச்சி இருந்துச்சு. பெறகு என்னத்துக்குக் கெடுத்துப் பாத்தீங்க?"

"தப்பு இருக்கான்னு பாக்கல டீச்சர். அது முழிச்சிருக்கான்னு பாத்தேன்."