கட்டுமரம் தன் பெயரைக் கேட்ட நாள்

மரங்கள் வாய்விட்டுப் பேசிய காலம் அது. வெட்டிக் கடலில் போட்டாலும் அவற்றின் பேச்சு நிற்காது. யார் எந்த மொழியில் பேசினாலும் எல்லோருக்கும் புரியும். பெயர்களை மட்டும் அவரவர் நாக்குக்கு வந்தபடிதான் சொல்வார்கள்.

கிழக்குக் கரையில் காத்தாயி என்ற மீனவப் பெண் இருந்தாள். கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு, அவன் விட்டுப்போன ஐந்து மலைவேம்புக் கட்டைகளைத் தானே கயிற்றால் பிணைத்தாள். தானே துடுப்புப் போட்டாள்.

"பொம்பள கடலுக்குப் போறதாவது?" என்று ஊரார் தடுத்தார்கள்.

"அப்ப தெனமும் எம் புள்ளைங்களுக்கு நீங்க மீன் கொண்டாந்து போடுறீங்களா?" என்று கேட்டாள்.  கட்டைகளைக் கடலில் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஒருநாள் தொலைதேசத்து ஆங்கிலேயக் கப்பல் ஒன்று வந்து நங்கூரம் போட்டது. அந்தக் கரையில் அலைகள் மூன்று வரிசையாகச் சுவர் போல் எழும். காத்தாயி அவற்றைத் தாண்டிக் கப்பலருகே போனாள்.

"உங்க படகு இந்த அலைக்குத் தாங்காது. இதுல ஏறுங்க, கரை சேக்குறேன்."

கப்பல் தலைவன் பார்லோ எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இந்த விறகுக் கட்டின் மேலா? இதில் ஏறுவதைவிட நீந்தியே போகலாம்."

கட்டைகள் அதைக் கேட்டன. 

பார்லோ தன் படகை இறக்கி, நான்கு பேரைத் துடுப்புப் போடச் சொல்லிக் கிளம்பினான். முதல் அலையைத் தாண்டினார்கள். இரண்டாவது அலை படகைத் தூக்கி உடைத்துப் போட்டது.

காத்தாயி விரைந்தாள். கட்டைகளும் முனகாமல் விரைந்தன. துடுப்புக்காரர்கள் நால்வரையும் கரையில் விட்டுத் திரும்பியபோது, பார்லோ ஒரு பலகையைப் பிடித்தபடி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். கட்டைமேல் கை வைத்தான். நடுக்கட்டை உடம்பை உதறி அவனைத் தள்ளியது.

"வெறகு மேல ஒனக்கு என்ன வேல?"

"பெண்ணே, இதை அடக்கு! நான் கப்பல் தலைவன்!" என்று அவன் கத்தினான்.

அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் கட்டைகள் கேட்டிருக்கும். ஆனால் காத்தாயி துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன். அதுக்குன்னு ஒரு பேரு இருக்கு. பேரச் சொல்லிக் கேளுங்க."

"என்ன பெயர்?"

"கட்டுமரம்."

அவன் வாய் திறப்பதற்குள் அலை அவனை மூடியது. காத்தாயி அவன் மூழ்கிய இடத்தையே பார்த்தாள். ஆனாலும் துடுப்பை மடியிலிருந்து எடுக்கவில்லை. சற்றுத் தள்ளி அவன் தலை மேலே வந்தது.

"கட்ட... கட்டம..." உப்புநீரைத் துப்பினான். "கட்டமரான்! கட்டமரான், என்னை ஏற்றிக்கொள்!"

"இதா நம்ம பேரு? கோணலா இருக்கே," என்றது ஓரக்கட்டை.

"கோணலா இருந்தாலும் நம்ம பேருதான். அவன் வெச்ச பேரு இல்ல," என்றது நடுக்கட்டை. சொல்லிவிட்டு அவன் பக்கம் தாழ்ந்து கொடுத்தது.

கரையேறியதும் பார்லோ வெள்ளிப் பொத்தான் வைத்த தன் மேலங்கியைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"அது எனக்கு வேணாம். உங்க ஊர்லயும் இத இந்தப் பேரு சொல்லியே கூப்புடுங்க. அது போதும்," என்றாள்.

அவன் ஊர் திரும்பி நடந்ததைச் சொன்னபோது, அங்கிருந்த படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். "காட்டுப் பெயராக இருக்கிறதே! நம் மொழியில் ஒரு நல்ல சொல் வைப்போம்."

பார்லோ எழுந்து நின்றான். "வைக்கக் கூடாது. நான் உயிர் போகிற நேரத்தில் கற்ற பெயர் அது. மாற்றுகிறவர்கள் முதலில் அந்த மூன்று அலைகளுக்கு நடுவே நின்றுவிட்டு வாருங்கள்."

ஒருவரும் போகவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் புகுந்தது அன்றைக்குத்தான். உலகத்தின் எந்தக் கடலிலும் இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டிப் பாய்ந்து போகிற படகையும் அவர்கள் இன்றுவரை 'கட்டமரான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.