ஏழாவது ஞாயிறும் கல்லான முட்டை

ஏழாவது ஞாயிற்றுக்கிழமையும் முட்டை கல்லாகிவிட்டது. பூங்கோதை அதைக் கொட்டவில்லை. கண்ணாடி ஜாடியோடு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ரெஜினா மாஸ்டர் வீட்டுச் சமையலறை மேடையில் அதை டங்கென்று வைத்தாள், கோர்ட்டில் சாட்சிப் பொருளை வைப்பது மாதிரி.

ரெஜினாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரு பெரிய ஹோட்டலின் காலை உணவு அடுப்பில் எட்டு வருஷம் நின்றுவிட்டு, இப்போது வீட்டிலேயே நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பூங்கோதைக்கு நாற்பத்தாறு. சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை மாஸ்டர் என்பாள்.

“நீங்க சொன்ன உருளை, நீங்க சொன்ன வெண்ணெய். செல்போன்ல நேரம் வெச்சு இறக்கினேன். ஏழு வாரம், மாஸ்டர். தப்பு உங்க குறிப்புலதான் இருக்கணும்.”

ரெஜினா ஸ்பூனால் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள்.

“உருளை நல்லா மசிஞ்சிருக்கு. உப்பும் சரி.”

“உப்பையா கேட்டேன்?”

பெரிய சமையல் இல்லை அது. பாலும் வெண்ணெயும் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு அடியில். அதன்மேல் உடைத்து ஊற்றிய ஒரு முட்டை. ஜாடியை மூடி வெந்நீரில் இறக்கினால், வெள்ளைக்கரு இளந்தயிர் போல் தோய்ந்து, மஞ்சள்கரு ஒழுக நிற்க வேண்டும். பிறந்தநாளன்று ஒரு ரெஸ்டாரண்டில் பூங்கோதை அதைச் சாப்பிட்டாள். ‘இதை நம்ம வீட்டுலயே செஞ்சு சாப்பிடுவேன்’ என்றாள். கணவர் சிரித்தார். மகனும் மகளும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

“இப்ப அவர் கெடு வெச்சிட்டார், மாஸ்டர். அடுத்த ஞாயிறும் இப்படி வந்தா ஜாடி எல்லாம் பரண்ல. பழையபடி இட்லி, கறிக்குழம்பு. ஆறு மணிக்கு எழுந்து கறி கழுவணும். எனக்குன்னு நான் கேட்டது வாரத்துல அந்த ஒரு காலைதான்.”

ரெஜினா தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.

“கேள்வி கேட்டா தண்ணி வெக்கிறது என்ன பாடம்?”

“கொதிக்கட்டும்க்கா.”

மசித்த உருளை தயாராக இருந்தது. ஜாடியில் போட்டு, முட்டையை உடைத்து, மூடி இறக்கினாள். பூங்கோதை கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றையும் குற்றம் கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சல்தான் கூடியது.

ஜாடி வெளியே வந்தது. மூடியைத் திறந்ததும் முட்டை தளதளவென்று ஆடியது. பூங்கோதை ஸ்பூனை எடுத்தாள். போன் அடித்தது.

மகன்.

“அம்மா, நகவெட்டி எங்க?”

“டிவி கீழ, ரெண்டாவது டிராயர். அங்கதான்டா இருக்கும். பேட்டரிக்குப் பின்னால பாரு. இல்லையா? அப்பாகிட்ட குடு. ஏங்க, காலையில நீங்கதானே எடுத்தீங்க... எங்க வெச்சீங்கன்னு என்னைக் கேட்டா?”

நகவெட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பூங்கோதை போனை வைத்துவிட்டு ஸ்பூனை ஜாடியில் விட்டாள். மஞ்சள்கரு சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது.

“பாத்தீங்களா, உங்களுக்கும் கல்லாயிடுச்சு.” வழக்கில் ஜெயித்த குரல். “அப்ப என் கையில தப்பு இல்ல.”

“திறந்தப்போ எப்படி இருந்தது?”

“ஆடிச்சு.”

“அப்புறம் என்ன ஆச்சு?”

“அப்புறம்... போன் வந்தது.”

“கண்ணாடி லேசுல சூடு விடாது. உருளை அதுக்கும் மேல. இறக்கி வெச்ச பிறகும் முட்டை வெந்துக்கிட்டேதான் இருக்கும்.”

“இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்.”

ரெஜினா அவளுடைய சமையல் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பூங்கோதையின் சொந்தக் கையெழுத்து. கடைசி வரி: ‘இறக்கியதும் சாப்பிடவும்.’

“இதைப் படிச்சேன். அது சாப்பிடறவங்களுக்கு எழுதினது.”

“நீங்க?”

“நான் செய்யறவ.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நோட்டைப் பட்டென்று மூடினாள். பிறகு இரண்டு மடங்காகப் பேசினாள்.

“மூணு பேரையும் கூப்பிடுவேன். ‘இதோ’ம்பாங்க. ஒருத்தர் குளிக்கப் போவார். ஒண்ணு செல்போனை விட்டு நகராது, இன்னொண்ணு படுக்கையை விட்டு எழாது. ஒருவழியா வந்து உட்கார்ந்து, ‘கடையில மாதிரி வரலியே’ம்பாங்க. எல்லாரும் எழுந்த பிறகு நான் என் ஜாடியைத் திறப்பேன். அவங்க லேட்டா வந்ததுக்கு என் கை சரியில்லையா? வீட்டுல இது நடக்காதுன்னு நேரா சொல்லிடுங்க, போயிடறேன்.”

“ஹோட்டல்ல நாங்க எப்ப முட்டையை உடைப்போம்?”

“ஆர்டர் வந்ததும்.”

“ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதானே ஆர்டர் வரும்?”

“எங்க வீட்டுல யாரு உட்கார்றா?”

“நீங்க உட்காருங்க.”

“நான் உட்கார்ந்தா அடுப்பை யாரு பாக்கறது, நீங்க வந்து பாப்பீங்களா?”

ரெஜினா இன்னொரு முட்டையை உடைத்து ஜாடியில் ஊற்றினாள். மூடினாள். வெந்நீரில் இறக்கி, நேரம் வைத்தாள். சமையலறையை விட்டு வெளியே போய்ச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

பூங்கோதை சமையலறை வாசற்படியிலேயே நின்றாள். “மாஸ்டர், அடுப்புல ஜாடி இருக்கு.”

“அது வேகறதுக்குப் பக்கத்துல ஆள் நிக்க வேண்டாம்க்கா. வெந்ததும் சாப்பிடத்தான் ஆள் வேணும்.”

பூங்கோதை வந்து உட்கார்ந்தாள், நாற்காலியின் விளிம்பில். உள்ளே தண்ணீர் தளதளத்தது. இரண்டு முறை எழப் பார்த்தாள். பிறகு முதுகைச் சாய்த்தாள்.

“அடுத்த ஞாயிறு நான் உட்கார்ந்திடுவேன். கூப்பிடவும் செய்வேன். ஆனா அவங்க மூணு பேரும் வரலைன்னா?”

“அப்ப ஒரு ஜாடி வெச்சா போதும்க்கா.”