கடைசி இலை

"நான் எங்க இருந்தாலும் வேற எங்கயோ நல்லது நடந்துட்டு இருக்கும்மா. நான் மட்டும் அங்க இல்ல" என்றான் இளம்பரிதி.

சீடனுக்கு வயது இருபத்தாறு. குருவான செண்பகவடிவுக்கு இருபத்தைந்து. சாத்திரங்களில் இதற்குத் தடை ஏதுமில்லை.

"நடக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் குரு.

"ஃபோன்ல பாக்குறேன்."

"வேலை?"

"போயிடுச்சு. மீட்டிங்லயும் பாத்துட்டே இருந்தேன்."

"தூக்கம்?"

"அது வேலைக்கு முன்னாடியே போயிடுச்சு."

அந்த ஆண்டில் அவன் சேர்ந்த ஐந்தாவது மடம் இது. முதல் மடத்தில் இருந்தபோது இரண்டாவது மடத்தின் அருவியை வீடியோவில் பார்த்தான். இரண்டாவதில் இருந்தபோது மூன்றாவதின் பஜனை வந்து சேர்ந்தது.

"என் சுபாவமே இப்படித்தான் போல. இணையத்துல பதினொரு குணச் சோதனை எழுதினேன். ஒன்பது விதமான ஆள்னு வந்துச்சு."

"மீதி ரெண்டு?"

"முடிக்கல. நடுவுல மெசேஜ் வந்துச்சு."

குரு சிரிக்கவில்லை. பெயர் தெரியாத பூச்சியொன்றைக் கண்டவர்போல இன்னும் கொஞ்சம் அருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒன்றரைக்கு வேன் போகுது" என்றான் இளம்பரிதி. "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசிரமத்துல நாளைக்கு மௌன முகாம். போகவா, இருக்கவா? நீங்களே சொல்லுங்க. இதையும் பாதியில விட்டா இனிமே எதையும் முழுசாச் செய்ய முடியாதோன்னு பயமா இருக்கு."

"மணி பன்னிரண்டரை. முதல்ல சாப்பிடுங்க."

அன்று குருபூசை. கூடத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை, நாற்பது இலைகள். அந்த மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு: கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது.

"பாதியில ஓட முடியாது, தம்பி" என்றார் பக்கத்து இலைக்காரர் உமைபாகன். மடத்தின் ஏடுகளைப் பார்த்துக்கொள்பவர். "வசமா மாட்டிக்கிட்டீங்க."

சாம்பார் வந்தது. இளம்பரிதி வலக்கையால் சோற்றைப் பிசைந்தான். இடக்கை மடியில் இருந்தது. மடியில் ஃபோன் இருந்தது.

ஆசிரமத்திலிருந்து நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பாக்குத் தோப்பு, வெள்ளை உடைகள். யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கமெண்டுகளில் தேடினான். அங்கிருந்து ஒருவருடைய இமயமலைப் பயணத்துக்குப் போனான். அங்கிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் திருமணத்துக்கு.

தலை நிமிர்ந்தபோது கூடத்தில் சத்தமே இல்லை.

முப்பத்தொன்பது இலைகள் காலி. முப்பத்தொன்பது வலக்கைகள் சோறு காய்ந்துபோய் அப்படியே இருந்தன. அவன் இலையில் பிசைந்த சோறு பிசைந்தபடி கிடந்தது.

"மணி என்ன?"

"ரெண்டு அஞ்சு" என்றார் உமைபாகன். "கை காஞ்சு ஓலைச்சுவடி மாதிரி ஆயிடுச்சு. இனி இதுலயே எழுதலாம்."

"எல்லாரும் எழுந்து போயிருக்கலாமே."

"உங்க இலையில சோறு இருக்கே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

எதிர் வரிசையிலிருந்து குரு சொன்னார்: "எங்கயோ போயிருந்தீங்க. தானா திரும்பி வருவீங்களான்னு பாத்துட்டு இருந்தோம். உமைபாகன் வரமாட்டீங்கன்னார்."

"இப்பவும் சந்தேகம்தான்" என்றார் உமைபாகன்.

இளம்பரிதிக்குத் திடுக்கென்றது. "வேன் போயிருக்குமே."

குருவுக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் காய்ந்த கையைத் தூக்கிக் காட்டினார்.

"நான் சுடலைமுத்து. வேன் டிரைவர். நான் எந்திரிச்சாத்தான தம்பி வேன் போகும்? உங்களோட வாற எட்டுப் பேரும் இங்கதான் இருக்காங்க."

எட்டுக் கைகள் உயர்ந்தன. யாருக்கும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பசி ஆறியவர்கள், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடியில் ஃபோன் அதிர்ந்தது. இளம்பரிதி முகங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாக, இரண்டு வரிசையும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது.

"என்ன தம்பி, கிளம்புவமா?" என்றார் சுடலைமுத்து.

"நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலண்ணே" என்றான் இளம்பரிதி.