மயிலை சுண்ணாம்பு தூவாத இடம்

மனிதர் கால் படாத ஒரு காட்டில், மலைச்சரிவு ஒன்றில் மாடுகளும் எருமைகளும் கூட்டமாக மேய்ந்து வந்தன. அவற்றுக்கு இரண்டு புல்வெளிகள். மேட்டுப் புல்வெளி பெரியது. மற்ற நாளெல்லாம் அங்கேதான் மேய்ச்சல். கீழே ஓடையோரம் சின்னதாக ஒரு பள்ளத்துப் புல்வெளி இருந்தது. கோடை வரும்வரை அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு.

மயிலை என்ற பசு இந்தக் கட்டுப்பாட்டை ஒருநாளும் மீறியதில்லை. இந்த வருடம் அவளுக்கே சபலம் தட்டியது. காரணம், அவள் கன்று. பிறந்து மாதங்கள் ஆகியும் அவனுக்குக் காலில் வலு ஏறவில்லை. நாலடி நடந்தால் முழங்கால் மடங்கிவிடும். மேட்டில் மண் புளித்துப்போய், புல் இருந்த இடமெல்லாம் புளியாரைக் களை படர்ந்திருந்தது. தாய்க்கே நல்ல புல் இல்லையென்றால் பாலில் என்ன சத்து இருக்கும்?

கோடைக்குப் பள்ளத்துப் புல்லும் போதவில்லை என்றால் கூட்டம் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். மயிலையின் கன்றால் மலை ஏற முடியாது. அது எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுத்தான் யாரும் சொல்லவில்லை.

காரான் என்ற எருமை நல்லவர். எதையும் கொஞ்சமாகச் செய்யத்தான் அவருக்குத் தெரியாது. ஒருநாள் அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஓடைத் திருப்பத்துல கிளிஞ்சல் மேடு இருக்குல்ல, அதுக்குக் கீழே முன்னெல்லாம் புளியாரைதான் மண்டிக் கிடக்கும். இப்போ போய்ப் பாருங்க. கிளிஞ்சல் பொடிஞ்சு சுண்ணாம்பா மண்ணுல இறங்கி, புல்லு முட்டியளவு நிக்குது. நம்ம மண்ணுக்கும் அதுதான் மருந்து."

"அதை எப்படி அண்ணே இங்க கொண்டு வர்றது?" என்று கேட்டாள் மயிலை.

"ஓடையில நனைஞ்சு, அந்தப் பொடியில புரண்டு, இங்க வந்து உடம்பை உதறினா ஆச்சு. புரள்றதுக்கு எருமைக்குச் சொல்லித் தரணுமா?"

கூட்டம் சிரித்தது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு சாண் விடாமல் தூவுவது என்று முடிவானது. பள்ளம் கிட்டே இருந்ததால் அதுதான் முதலில்.

கன்றுக்காக மயிலை முந்திக்கொண்டாள். பொடியில் புரண்டு, கொம்பு முதல் குளம்பு வரை வெள்ளையாகி, பள்ளத்தின் நடுவில் வந்து நின்று உதறப் போனாள்.

"கொஞ்சம் பொறு, தாயி," என்று ஒரு குரல் கேட்டது.

குனிந்து பார்த்தாள். ஒரு மண்புழு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இங்க யாருக்கு உடம்பு சரியில்லைன்னு மருந்து போட வந்தே?"

"மண்ணுக்கு."

"எந்த மண்ணுக்கு? கொம்பால கொஞ்சம் கிளறிப் பாரு."

பிள்ளைகளே, மாடுகளுக்குத் தரைக்கு மேலே இருப்பதுதான் உலகம். நாக்கில் பட்ட புல்லின் ருசி தெரியும். அந்தப் புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்த மாடும் எட்டிப் பார்த்ததில்லை. மயிலை அன்றுதான் பார்த்தாள்.

உள்ளே ஈரமும் இருட்டுமாக ஓர் ஊரே இருந்தது. புழுக்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஊர்ந்தன. நூலைவிட மெல்லிய வெள்ளை வேர்கள் கீழே, இன்னும் கீழே இறங்கிப் போயின. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எத்தனையோ உயிர்கள். எல்லாருக்கும் ஏதோ வேலை இருந்தது. இத்தனை நாளும் இவர்கள் கூரை மேல் நின்றா மேய்ந்தோம் என்று நினைத்ததும் மயிலைக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்ல," என்றது மண்புழு. "மேட்டுலயும் போய் இதே மாதிரி பாரு."

மயிலை உதறாமலே மேட்டுக்கு ஏறினாள். ஒரு இடத்தில் கிளறினாள். யாரும் இல்லை. தள்ளிப் போய்க் கிளறினாள். அங்கேயும் இல்லை. ஆளில்லாத வீடு மாதிரி கிடந்தது மண். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று உடம்பை உதறினாள்.

இறங்கி வந்ததும் காரானிடம் சொன்னாள்: "அண்ணே, மேட்டுக்கு மட்டும் போடுவோம். பள்ளத்து மண்ணு நல்லாத்தான் இருக்கு. அதை விட்டுடலாம்."

"நல்ல மருந்துன்னா எல்லா இடத்துக்கும் நல்லதுதானே, தங்கச்சி? உன் கன்னுக்காகத்தான இவ்வளவும்."

அந்தக் கடைசி வார்த்தை அவளைச் சுட்டது. அங்கே யாரும் உதற முடியாதபடி பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். மற்ற பசுக்களும் அவளைப் பார்த்துப் பக்கத்தில் படுத்தன.

மேட்டில் பசுக்களும் முறைபோட்டு வந்து, எல்லாருமாகச் சேர்ந்து தூவினார்கள். பள்ளத்தில் மாடுகள் படுக்காத பாதியை மட்டும் எருமைகள் எடுத்துக்கொண்டன. புல் நிமிர்ந்ததாகத் தெரியவில்லை என்று மறுபடி புரண்டு மறுபடி உதறின. பச்சை தெரியாமல் வெளுத்த பிறகுதான் காரானுக்குத் திருப்தி.

கோடை வந்தது. மேட்டில் இன்னும் மாற்றம் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் இறங்க நாளாகும் அல்லவா? பள்ளத்தில் எருமைகளின் பாதி, தேவையில்லாத சுண்ணாம்பு மிஞ்சிப்போய், மஞ்சளாகச் சோர்ந்து கிடந்தது. மாடுகள் படுத்திருந்த பாதி பச்சையாக நின்றது.

காரான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "எங்க பக்கம் வாயில வைக்க முடியல, தங்கச்சி."

மயிலை கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருக்கும் புல்லை எருமைகளும் தின்றால் பாதிக் கோடையிலேயே தீர்ந்துவிடும். பிறகு மலைதான். அவள் தன் கன்றைப் பார்த்தாள். காரானின் ஒட்டிய வயிற்றையும் பார்த்தாள்.

"வாங்கண்ணே," என்று விலகி இடம் கொடுத்தாள்.

அந்தக் கோடையில் காரான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைக் கொஞ்சமாகச் செய்தார். கொஞ்சமாகத் தின்றார். மற்ற எருமைகளையும் அப்படியே தின்ன வைத்தார். பள்ளத்துப் புல் மழை வரும்வரை தாக்குப்பிடித்தது. யாரும் மலை ஏறவில்லை.

மழை பெய்து ஓய்ந்தபோது மேட்டில் புளியாரை ஒதுங்கிப் புல் எழும்பியிருந்தது. மயிலை ஓரிடத்தில் கொம்பால் மெதுவாகக் கிளறினாள். ஒரே ஒரு புழு நெளிந்தது. அவள் பயபக்தியோடு மண்ணைத் திரும்ப மூடிவைத்தாள்.

புதுப்புல் தின்று மயிலைக்குப் பால் ஊறியது. ஒருநாள் காலையில் அவள் தலை நிமிர்ந்தபோது கன்றைப் பக்கத்தில் காணவில்லை. அவன் சரிவில் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். விழுந்துவிடுவானே என்று பதறிப் பின்னால் ஓடினாள். அவன் விழவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றவள் அவள்தான்.

நீதி: நல்ல மருந்தே ஆனாலும், நோய் இருக்கும் இடத்தைப் பார்த்த பிறகே போட வேண்டும்.