படுத்துக்கொண்டு பீடி சுற்றிய மாடத்தி

ஐம்பத்திரண்டு வயசில் ஒருத்தர் சீடராகப் போய் நின்றால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்! டாக்டர் ஞானதுரை அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆலங்குளம் பக்கத்தில் இருபத்தைந்து வருஷமாக வைத்தியம் பார்ப்பவர், வாரம் இரண்டு நாள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார். தன்னைவிடப் பதினான்கு வயசு இளையவரான இதய மருத்துவர் ஜமீலாவிடம் இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்க்கப் படித்தார்.

அன்றைக்குத் தன் நோயாளி மாடத்தியையும் கூட்டி வந்திருந்தார். பீடி சுற்றுகிறவள். எட்டு மாசமாக மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, உடம்பு பாதியாகிவிட்டது.

"புகையிலைத் தூசி, மேடம். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தி இப்படித்தான். மாத்திரை, இன்ஹேலர் எல்லாம் குடுத்தாச்சு. கேக்க மாட்டேங்குது."

ஜமீலா மாடத்தியிடம் திரும்பினார்.

"இப்பவும் பீடி சுத்துறீங்களாம்மா?"

"சுத்தாம? படுத்துக்கிட்டுல்லா சுத்துதேன்."

"படுத்துக்கிட்டா?"

"உக்காந்தா கண்ணு இருட்டுது, மூச்சு முட்டுது. ஒருக்களிச்சுப் படுத்தா சரியாப் போவுது. ஐயாகிட்ட முதல் நாளே சொன்னேனே!"

சொன்னாள்தான். 'உக்காந்து வேலை பாக்க நோவுதாக்கும்' என்று தான் கிண்டலடித்ததும் ஞானதுரைக்கு இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. இதயம் பலவீனமானால் படுக்கும்போதுதான் மூச்சு முட்டும். அவர் படித்தது அது. இவளுக்கு எல்லாம் தலைகீழ். அதனால் அதை அவர் சீட்டில் எழுதவே இல்லை.

ஜமீலா அவளைப் படுக்க வைத்து எக்கோ பார்த்தார். பிறகு உட்கார வைத்துப் பார்த்தார்.

இதயத்தின் இடப்பக்க மேலறையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி தொங்கியது. மாடத்தி எழுந்து உட்கார்ந்ததும் அது சரிந்து வால்வின் வாயை அடைத்தது. படுத்ததும் விலகியது.

ஞானதுரை திரைப் பக்கம் குனிந்தார்.

"இதயத்துக்குப் புற்றுநோய் வராதுன்னுல்ல படிச்சோம்?"

"ரொம்ப அபூர்வம்னு படிச்சிருப்பீங்க, சார்."

"அப்போ இது புற்றா?"

"இதயத்துல வர்ற கட்டிங்க பெரும்பாலும் புற்று இல்லாத சாதுக் கட்டிதான். எடுத்துட்டா நிம்மதி. ஆனா காய்ச்சலும் மெலிவும் ரெண்டுலயும் வரும்."

"எம்.ஆர்.ஐ. எடுத்தா?"

"கொஞ்சம் வெளங்கும். எப்படியும் சீக்கிரமே நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்தாகணும், விட்டா மொத்தமா அடைச்சிடும். எடுத்ததை லேபுக்கு அனுப்பினாத்தான் முடிவு. புற்றுன்னா, அப்புறம் மருந்து ஏத்துற வேலையும் இருக்கு."

"இருக்கலாம்ங்கிறீங்க, இல்லாமலும் இருக்கலாம்ங்கிறீங்க. ஒரு பக்கமும் நிக்க மாட்டேங்குதே, மேடம்!"

மாடத்தி கட்டிலில் இருந்து தலையைத் தூக்கினாள். ஜமீலாவை அவள் பார்க்கவே இல்லை.

"ஐயா, எனக்குப் புத்து நோயா? பொழைப்பேனா?"

'ஒண்ணுமில்ல தாயி' என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய் அவருக்கு. இன்றைக்கு அதைச் சொல்லக் கூசியது. எட்டு மாசம் இவளை இன்ஹேலர் இழுக்கவைத்தே ஓட்டிவிட்டோமே என்பது நெஞ்சை அறுத்தது. ஜமீலா பக்கம் குனிந்தார்.

"என்ன சொல்லட்டும், மேடம்?"

ஜமீலா எழுந்து, தன் ஸ்டூலை மாடத்தியின் தலைமாட்டில் அவருக்காக இழுத்துப் போட்டார்.

"எட்டு மாசமா தெரியும்னு சொன்னீங்க, சார். இன்னைக்குத் தெரியலைன்னு சொல்லுங்க."